ஹோம் நர்ஸ் கை தவறினால் யார் பொறுப்பு?

கழக்கூட்டத்தில் 1990-ல் டெக்னோபார்க் வந்தது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளில், முதியோரைக் கவனிக்க ஹோம் நர்ஸ் வைப்பது வழக்கமாகிவிட்டது.

குளிப்பாட்டும்போது பாட்டி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் நஷ்டஈடு யார் கொடுப்பது?

பாங்கிக் கணக்கு உள்ளவர்கள், 2015-ல் வந்த பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால், விபத்தில் இறப்பவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஆனால் இது ஹோம் நர்ஸுக்கு நேரும் விபத்துக்கே. அவர் கவனக்குறைவால் பாட்டிக்கு நேரும் காயத்துக்கு இதில் பணம் வராது.

அதற்கென உள்ளது பொறுப்பு இன்சூரன்ஸ். ஏஜென்சி தன் ஊழியராக அனுப்பியவர் தவறினால் ஏஜென்சியும் பொறுப்பு. நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம். தனியே அமர்த்தினால், பாரம் அந்த ஏழைப் பெண்ணின் தலையில்தான்.

ஆகவே ஆள் அமர்த்துமுன், "பொறுப்பு பாலிசி உண்டா?" என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். பாலிசியை வாங்கிப் படித்தும் பாருங்கள்.