படகின் ஆயுள் கரையிலே

ஐப்பசி பிறந்ததும் கல்முனைக் கடலில் காற்றின் போக்கு மாறத் தொடங்குகிறது. அதன்பின் வாடைக்காற்று தணியும் வரை, மருதமுனை முதல் பொத்துவில் வரையான கரையில் சிறு படகுகள் பல வாரக்கணக்கில் கரையேறிக் கிடக்கின்றன. தொழில் நின்றதும் சிலர் படகையும் மறந்துவிடுகின்றனர். கடலின் அடிக்குத் தப்பிய படகு கரையில் கிடந்து பாழாவதை நாம் காண்கிறோம்.

பாய்த்தோணிக் காலத்தில் நம் மூத்தவர்கள் மரத்துக்கு மீனெண்ணெய் பூசினர். பலகை இடுக்குகளைக் குங்கிலியம் கொண்டு அடைத்தனர். பாயை மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து உலர்த்தினர். மரத்தையும் துணியையும் உக்காமல் காப்பதே இவற்றின் நோக்கம். இன்று பைபர் படகுகள் பெருகிவிட்டன. பைபர் உக்காது, ஆகவே பராமரிப்பு வேண்டாம் என்று எண்ணுவது தவறு.

படகைக் கரையேற்றுமுன் எஞ்சின், வலை, எண்ணெய்த் தாங்கி யாவற்றையும் இறக்கிவிட வேண்டும். வெறும் படகை உருளைக் கட்டைகள் மீது இழுத்தால் அடிப்பாகம் தேயாது. நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, மணலில் படாதவாறு முன்னும் நடுவும் பின்னும் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். அடியிலுள்ள நீர் வடியும் துளையைத் திறந்து, படகைச் சற்றுச் சரித்து வைத்தால் மழைநீர் தேங்காது. தேங்கும் நீரின் பாரம் படகின் உருவத்தையே கெடுத்துவிடும். மேலே கிடுகு வேய்வது நல்லது. பொலித்தீனால் இறுக மூடினால் உள்ளே புழுக்கம் ஏற்பட்டு ஈரம் தங்கும்.

எஞ்சினை நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஓடவிட்டு, காபரேற்றரில் எஞ்சியுள்ள எண்ணெயை வடித்துவிடுங்கள். கியர் ஒயில் பால்தேநீர் நிறமாயிருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது என்பது பொருள். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எஞ்சினை நிமிர்த்தியே வைக்க வேண்டும். வலையையும் பாயையும் கழுவி, நன்கு உலர்த்தி, எலி எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.

பங்குனியில் கடல் அமைதியடையும்போது அவசரம் வேண்டாம். பைபர் வெடிப்பை நன்கு காயவிட்ட பின்னரே ரெசின் பூசவேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டியது நிலைக்காது. வெயிலில் காய்ந்த மரத்தோணியின் இடுக்குகள் விரிந்திருக்கும். அவற்றை அடைத்து, ஆழங்குறைந்த நீரில் ஒரு நாள் ஊறவிட்டால் பலகை பருத்து இறுகும். கசிவில்லை என்று கண்ட பின்னரே கடலில் இறக்குங்கள்.

இவ்வளவும் செய்தாலும் படகை எங்கே வைப்பது என்பது பெரும் கேள்வி. 2004 டிசெம்பர் 26 வாடைக் காலத்து நாள். அன்று சுனாமி அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கரையிலிருந்த படகுகளையும் வாடிகளிலிருந்த வலைகளையும் எஞ்சின்களையும் ஒருங்கே அழித்தது. எஞ்சினையும் வலையையும் கரையிலிருந்து தள்ளி, ஊருக்குள் வைப்பதே அந்நாள் தந்த பாடம்.

படகோ கரையிலேதான் இருக்கவேண்டும். ஆனால் கரையே குறைந்து வருகிறது. 2008 இல் கட்டத் தொடங்கி 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புகள், வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. துறைமுக வாயிலில் மணல் சேர, அதற்கு வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கங்களில் கடல் நிலத்தை அரித்தது. தென்னைகள் சாய்ந்தன, தோணி இழுக்கும் மணற்றிடலும் சுருங்கியது.

படகைப் பேணுவது உரியவரின் கையில் உள்ளது. படகு நிற்கும் மணலைப் பேணுவது தனியொருவரால் இயலாது. ஆகவே மீனவர் சங்கங்கள் ஒவ்வோர் ஐப்பசியிலும் கரையின் அகலத்தை அளந்து, எழுதி வைத்து, அதிகாரிகளிடம் காட்டவேண்டும். வெறும் முறையீட்டைத் தட்டிக்கழிக்கலாம். ஆண்டுதோறும் எழுதிய அளவை அப்படித் தட்டிக்கழிப்பது எளிதன்று.