ஈயம் புகுந்த உடம்பில் ஓம எண்ணெய் என்ன செய்யும்?

பழைய முறுக்கு டப்பாவைத் திறந்ததும் ஒரு காறல் வாடை அடிக்குமே, ஈயமும் காட்மியமும் புகுந்த உடம்பில் விந்தணு கெடுவதும் ஏறக்குறைய அதே வேதியியல்தான்.

முதலில் உலோகம் உள்ளே போகும் வழியைப் பார்ப்போம். நாகரசம்பட்டிப் பக்கமிருந்து ஓசூர், போச்சம்பள்ளி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. பேட்டரித் தகடு, முலாம் பூச்சு, பழைய பேட்டரி உருக்குவது போன்ற வேலைகளில் தூசியும் புகையும் மூச்சோடு போகும். கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறந்தால் சோற்றோடும் போகும்.

பிறகு ரத்தம் அதை விந்தகத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே வளரும் விந்தணுக்களைச் சுற்றிச் செல்கள் நெருக்கமாகக் கோத்துத் தடுப்பாக நிற்கின்றன. காட்மியம் அந்தப் பிணைப்பைத் தளர்த்திவிடும். துத்தநாகம் இருக்கவேண்டிய இடத்தை ஈயம் பிடித்துக்கொள்ளும். செல்லைக் காக்கும் குளுட்டாதயோனையும் ஈயமும் காட்மியமும் குறைத்துவிடும்.

இப்போது முறுக்குக்கு வருவோம். விந்தணுவின் மேலுறையில் ஆக்சிஜனால் சீக்கிரம் கெடும் கொழுப்பு நிறைய இருக்கிறது. காவல் குறைந்ததும் ஒரு மூலக்கூறு கெடும். அது பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பறிக்கும், அது அடுத்ததிடம் பறிக்கும். முறுக்கிலுள்ள எண்ணெயில் காறல் பரவுவதும் இப்படித்தான். உறை கெட்டால் வால் சரியாக அடிக்காது, விந்தணு நீந்தாது. உள்ளிருக்கும் மரபுப்பொருளும் உடையலாம்.

ஓமத்திலுள்ள தைமாலும் கிராம்பிலுள்ள யூஜினாலும் தங்கள் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தப் பறிப்பை நிறுத்தக்கூடியவை. உலோகத்தோடு இப்படிப்பட்ட தாவரப் பொருட்களையும் எலிகளுக்குக் கொடுத்த ஆய்வுகளில், விந்தணுச் சேதம் குறைந்திருக்கிறது.

ஆனால் அது எலி. அதோடு, காறலைத் தடுக்கும் எண்ணெய் எலும்பில் படிந்த ஈயத்தை வெளியேற்றாது. அந்த ஈயம் பல ஆண்டுகள் தங்கி, மெல்ல ரத்தத்துக்குத் திரும்பும். கர்ப்பிணியின் எலும்பிலிருந்து கருவுக்கும் போகும். சமையலில் போடும் ஓமம் நல்லதுதான். தைலத்தை மருந்தென்று குடிக்காதீர்கள். கிராம்புத் தைலம் அளவு மீறினால் கல்லீரலையே கெடுக்கும்.

ஆகவே வேலை உடுப்பை வேலையிடத்திலேயே மாற்றுங்கள், வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பரிசோதியுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. புதிய விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும் என்பதால், உடனே பலன் தெரியாது. குழந்தை இல்லையென்று மனைவியை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அலையவிடாமல் கணவரும் போய், தாம் எந்த வேலை பார்க்கிறார் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.