மெமரி குறைந்தால் அது வைரஸ் அல்ல

வேலை மும்முரமாக நடக்கும்போது திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கிறது. கணினியில் மெமரி குறைந்துவிட்டது, கோப்புகளைச் சேமித்துவிட்டு இந்தச் செயலிகளை மூடுங்கள் என்கிறது. கீழே குரோம், எக்செல் என்று இரண்டொரு பெயர்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இதே செய்தி, விர்ச்சுவல் மெமரி குறைவு என்று கடிகாரத்துக்குப் பக்கத்திலிருந்து எழும்பும். அன்றும் சரி, இன்றும் சரி, இதைப் பார்த்ததும் பலருக்கு முதலில் தோன்றுவது வைரஸ் என்ற பயம்தான். செலவும் அந்தப் பயத்தில்தான் தொடங்குகிறது. கடையில் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். விளம்பரத்தில் 'ராம் பூஸ்டர்' விற்கிறார்கள். அதைவிட மோசம், திரையில் தெரிந்த எண்ணுக்குப் போன் போட்டு வங்கிச் சேமிப்பையே இழப்பது.

இந்தச் செய்தி இடப் பற்றாக்குறையைத்தான் சொல்கிறது. அநேகமாகக் காசு செலவில்லாமல் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

கணினி தன் கைவேலைகளை வைத்துக்கொள்ளும் இடம் ராம். 4 ஜிபி ராம் உள்ள கணினியில் பிரவுசரில் ஏகப்பட்ட டேப்கள், கூடவே டேலி, வாட்ஸ்அப் என்று திறந்தால் அது சீக்கிரம் நிறைந்துவிடும். அப்போது உடனே தேவைப்படாதவற்றை விண்டோஸ், டிஸ்கில் இருக்கும் பேஜிங் ஃபைல் என்ற கோப்புக்கு மாற்றிவிடும். சமையல் மேடையில் இடமில்லாத பாத்திரங்களைப் பரணில் ஏற்றுவது மாதிரி. ராமும் இந்தக் கோப்பும் சேர்ந்ததுதான் கணினியின் மொத்தக் கையிருப்பு. இரண்டும் தீரும் தறுவாயில்தான் அந்தப் பெட்டி வருகிறது.

தேவை கூடும்போது விண்டோஸே இந்தக் கோப்பைப் பெரிதாக்கிக்கொள்ளும். ஆனால் அதற்கு சி டிரைவில் காலியிடம் வேண்டும். வீட்டுக் கணினிகளில் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. கல்யாண வீடியோ, டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே பிடிஎஃப் நாலு முறை, டெஸ்க்டாப் முழுக்கப் படங்கள் என்று சி டிரைவ் சிவப்புக் கோடு காட்டும் அளவுக்கு நிரம்பியிருக்கும். டி டிரைவ் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும். சி டிரைவில் இருக்கும் இவற்றை அங்கே மாற்றினாலே பல கணினிகள் மூச்சு விட்டுக்கொள்ளும்.

முதலில் பார்க்க வேண்டியது டாஸ்க் மேனேஜர். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் திறக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி'யைச் சொடுக்குங்கள். 'கமிட்டட்' என்ற சொல்லுக்குக் கீழே 7.6/8.1 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது இப்போது கேட்கப்பட்டிருக்கும் அளவு, இரண்டாவது உச்சவரம்பு. இரண்டும் நெருங்கினால் ஆபத்து நெருங்குகிறது. பிறகு 'பிராசஸஸ்' பகுதிக்குப் போய் மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் தின்பது எதுவென்று வரிசைகட்டி வந்துவிடும். ஒரே செயலியின் எண் நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போனால் குறை அந்தச் செயலியில் இருக்கலாம். அதை மூடித் திறங்கள், புதிய பதிப்புக்கு மாற்றுங்கள். கணினியை ஷட்டவுன் செய்து போடுவதைவிட ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கினால், ஷட்டவுன் செய்தாலும் அடிப்படை அமைப்பு பழைய நிலையிலேயே மீண்டும் எழும். ரீஸ்டார்ட்தான் முழுதாகக் கழுவிவிடும்.

செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியில் தற்காலிகக் கோப்புகளை அழிக்கலாம். அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையேல் இறக்கி வைத்த ஆவணங்களும் சேர்ந்து போய்விடும்.

பேஜிங் ஃபைலின் அளவை யாராவது முன்பு கையால் குறைத்து வைத்திருக்கவும் கூடும். தேடல் பெட்டியில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டி, பெர்ஃபார்மன்ஸுக்கு உரிய செட்டிங்ஸ் பொத்தான், அதில் அட்வான்ஸ்டு, பிறகு விர்ச்சுவல் மெமரிக்கு உரிய 'சேஞ்ச்' என்று போங்கள். மேலே உள்ள 'ஆட்டோமேட்டிக்' கட்டத்தில் டிக் போட்டு, கணினியை ரீஸ்டார்ட் செய்தால் போதும். எண் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எம்பி கணக்கில் கொடுக்க வேண்டும், 4 ஜிபி என்பது 4096. எண்களைத் தட்டியதும் 'செட்' பொத்தானை அழுத்தாமல் ஓகே கொடுத்தால் மாற்றம் பதியாது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். 'நோ பேஜிங் ஃபைல்' என்பதைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் செய்தி வந்தால் ராம் போதவில்லை என்று அர்த்தம். அதே டாஸ்க் மேனேஜர் பக்கத்தில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரியும். டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 ராம் பொருந்தாது, மேசைக் கணினியின் ராம் லேப்டாப்புக்கு ஆகாது. சில லேப்டாப்களில் ராம் போர்டோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது. மாடல் எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி பணம் பறிக்கும் வழிகள். ராமை இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்ற வியாபாரம் விண்டோஸ் 95 காலத்தியது. 1995-இல் வந்த 'சாஃப்ட்ராம்95' அப்படித்தான் லட்சக்கணக்கில் விற்றது. விண்டோஸ் 95-இல் அது ராமைக் கூட்டவே இல்லை என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1996-இல் நடவடிக்கை எடுத்தது. இன்றைய 'ராம் கிளீனர்'கள் செய்வதும் பெரிதாக ஒன்றுமில்லை. ராமில் இருப்பதை வலுக்கட்டாயமாக டிஸ்குக்குத் தள்ளிவிட்டுக் காலியிடத்தைக் காட்டும். அடுத்த சொடுக்கில் எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டியிருப்பதால் கணினி இன்னும் மெதுவாகும்.

ஆஃபீஸ் டிப்போ விவகாரம் இதைவிட வேதனையானது. அந்த அமெரிக்கக் கடைகளில் இலவசமாகக் கணினியைச் சோதித்துத் தந்தார்கள். சோதிக்கும் முன் வாடிக்கையாளரிடம் சில கேள்விகள் கேட்பார்கள், கணினி மெதுவாக இருக்கிறதா என்பது அதில் ஒன்று. ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்று டிக் விழுந்தால் போதும், உண்மையில் எதுவும் இல்லாவிட்டாலும் தீநிரலின் அறிகுறி கண்டுபிடிக்கப்பட்டதாக முடிவு வரும். அதைக் காட்டி நூற்றுக்கணக்கான டாலருக்குப் பழுதுபார்ப்பை விற்றார்கள். 2019-இல் அந்த நிறுவனமும் அதற்கு மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. பெயர்பெற்ற கடைக்குள்ளேயே இப்படி நடந்திருக்கிறது.

நம் ஊரில் அதிகம் அஞ்ச வேண்டியது முழுத்திரையில் அலறும் போலி எச்சரிக்கை. மைக்ரோசாஃப்ட் முத்திரையோடு, அழைக்க ஒரு எண்ணோடு வரும். விண்டோஸின் உண்மையான எச்சரிக்கையில் போன் எண் இருக்கவே இருக்காது. எண் தெரிந்தால் அது மோசடிதான். எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள், முடியாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். போன் போட்டவர்களை எனிடெஸ்க் போன்ற ஒரு செயலியை நிறுவச் சொல்லி, கணினிக்குள் நுழைந்து, 'ஈவன்ட் வியூவர்' என்ற பதிவேட்டைத் திறந்து சிவப்பும் மஞ்சளுமான குறிகளைக் காட்டுவார்கள். நன்றாக இருக்கும் கணினியிலும் அந்தக் குறிகள் இருக்கும். 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் நாடெங்கும் சோதனை நடத்தியபோது, மைக்ரோசாஃப்ட் ஊழியர் போல நடித்த கால்சென்டர்களும் அதில் சிக்கின.

மோசடிக்காரரைக் கணினிக்குள் விட்டுவிட்டீர்களா? முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், 3 வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பு உங்கள் தலையில் விழாது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரையிலான இழப்பு உங்களுடையது, அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

பழுதுபார்க்கும் கடைகளில் பெரும்பாலோர் நேர்மையாகத் தொழில் செய்பவர்கள். ஆனால் எங்கள் தெருவில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கும் அக்காவுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். மெமரி குறைவு என்று கணினியைக் கொடுத்தார், ஃபார்மட் செய்து திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். டெஸ்க்டாப்பில் இருந்த கணக்குகள் அத்தனையும் போயின. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி" என்று கேட்டதற்கு, "வைரஸ்க்கா, வேற வழியில்ல" என்றார்களாம். பில் கேட்டபோது "இதுக்கெல்லாமா பில்லு?" என்று சிரித்தார்களாம்.

இதுக்கெல்லாம்தான் பில். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, சேவைக்குப் பில் தராமல் இருப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. கேட்காமல் தரவை அழிப்பதைச் சேவைக் குறைபாடு என்று வாதாடலாம். உரிமையாளர் அனுமதியின்றிக் கணினியிலிருந்து தகவலை அழிப்பதும் படியெடுப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வருகின்றன. அதை நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. கணினியைக் கொடுக்கும்போதே ராம் அளவு தெரியும் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபியாகப் போனது 4 ஜிபியாகத் திரும்பி வந்தால் கேட்க அதுதான் ஆதாரம். 'தரவை அழிக்கக் கூடாது' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பேசிப் பார்த்தும் நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில், பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், முன்பு எடுத்த அந்தப் படம் ஆகியவற்றின் நகல்களை மனுவோடு இணையுங்கள்.