பட்ட மரத்தில் படியளப்பு

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், எரிமலைக் குழம்பு இறுகி எழுந்தவை கனேரித் தீவுகள். அந்தக் கரும்பாறையில், மும்மூன்றாய்க் கூடிய நீண்ட ஊசியிலைகளோடு நிற்கிறது கனேரி பைன். மேகத்தை ஊசிகளால் வடித்துத் தன் வேருக்கு நீர் வார்த்துக்கொள்ளும்; காட்டுத்தீ கரியாக்கினாலும் அடிமரத்திலிருந்தே துளிர்க்கும். அப்பேர்ப்பட்ட மரமும் ஒருநாள் பட்டுப்போகிறது. என்னைக் கைகூப்ப வைப்பது அதற்குப் பிறகு நடப்பதுதான்.

பட்ட பைனைத் தேடி வருகிறது அர்ஹோபாலஸ் பைனிடோரம் என்னும் நீள்கொம்பு வண்டு. இந்தத் தீவுகளை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. நிறத்தில் ஆடம்பரம் இல்லை. நம் மாந்தோப்புகளில் தண்டு துளைப்பான் என்று ஏச்சு வாங்கும் வண்டுக்கு இது உறவு. ஆனால் அந்தப் பழி இதன்மேல் செல்லாது. இதன் பிள்ளைகள் வளர்வது உயிர் போன மரத்தில்.

அந்த மரத்தில் என்னதான் இருக்கிறது? செல்லுலோஸும் லிக்னினும்தான். உடல் வளரத் தேவையான நைட்ரஜன் மிகமிகக் கொஞ்சம். புழுவுக்கோ கால்கள் பெயருக்குத்தான். வாய் மட்டும் உளி. இருட்டில் மென்றபடி, மென்ற தூளைப் பின்னால் அடைத்தபடி, அவசரமே இல்லாமல் முன்னேறுகிறது. நீள்கொம்பு வண்டுகள் பலவற்றின் புழுக்களுக்குக் குடலோரச் சிறு பைகளில் ஈஸ்ட் குடியிருந்து, மரத்தில் கிடைக்காத சத்தை ஊட்டுகிறது. தாய் வண்டு முட்டையிடும்போதே அந்த ஈஸ்டை முட்டையின்மேல் பூசிவிடுகிறது. முட்டையோட்டைக் கடித்து வெளியே வரும் புழுவுக்கு முதல் வாயிலேயே துணை சேர்ந்துவிடுகிறது! இதை அந்தத் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தவன் யார்? அவனை நான் இறைவன் என்றே அழைப்பேன்.

1863இல் இந்த வண்டை அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் தாமஸ் வெர்னன் வொலாஸ்டன். நுரையீரல் நோய்க்கு இதமான காற்றைத் தேடித் தீவுகளுக்கு வந்த ஆங்கிலேயர் அவர். அருகிலுள்ள மடெய்ராவின் 550 வண்டினங்களில் 200 பறக்க இயலாதவை என்ற அவருடைய கண்டுபிடிப்பை டார்வின் தம் நூலில் எடுத்தாண்டார். கடற்காற்று அடித்துச் செல்லும் தீவில் சிறகு ஆபத்துதான். பைன் வண்டுக்கோ சிறகு நிலைத்திருக்கிறது. அடுத்த பட்ட மரம் எந்தச் சரிவில் நிற்கிறதோ, பறந்துதானே தேட வேண்டும்!

படியளப்பு வண்டோடு முடிவதில்லை. இத்தீவுகளில் டெனரீஃப், கிரான் கனேரியா இரண்டின் பைன் காடுகளிலும் பெரும்புள்ளி மரங்கொத்தி வாழ்கிறது. பட்ட மரத்தைக் கொத்திப் பிளந்து உள்ளிருக்கும் புழுக்களை எடுத்தும் அது தன் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது.