படத்தில் ஏன் இந்தப் புள்ளிகள்?



இன்று எமது வீடுகளில் படம் பிடிக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெண்களின் கைக்கு வந்துவிட்டது. கல்யாண வீட்டில் பெண்கள் பகுதிக்கு வெளியார் கமராவுடன் வருவதைப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை. மணப்பெண்ணின் மதினியோ சாச்சியோ தனது கையடக்கத் தொலைபேசியில் பிடிப்பதே அந்த நாளின் ஒரே பதிவாகிவிடுகின்றது. நோயில் கிடக்கும் மூத்தும்மாவின் முகம், பிள்ளை முதன்முதலாகப் பாடசாலைக்குப் போன நாள், இவையெல்லாம் இன்னொரு முறை வரப்போவதில்லை.

ஆனால் இரவில் பிடித்த படத்தை மறுநாள் பெரிதாக்கிப் பார்க்கும்போது பலருக்கும் ஏமாற்றமே மிஞ்சுகின்றது. முகத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள். கறுப்பு அபாயாவில் சிவப்பும் பச்சையுமாகத் திட்டுக்கள். உடனே "போன் சரியில்லை" என்று முடிவு கட்டி, புதியது வாங்கப் பணம் தேடுவோரும் உண்டு. சற்றுப் பொறுங்கள். பெரும்பாலான வேளைகளில் குறை வெளிச்சத்தில்தான் இருக்கின்றது. அதனைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை. சில விடயங்களை அறிந்திருந்தால் போதும்.

இப்புள்ளிகளை ஆங்கிலத்தில் 'நொய்ஸ்' என்பார்கள். தமிழில் 'இரைச்சல்' எனலாம். வானொலியில் நிலையம் சரியாகப் பிடிபடாதபோது பேச்சோடு ஓர் இரைச்சலும் கலந்து வருகின்றதல்லவா? படத்திலும் அவ்வாறே, பொருளிலிருந்து வரும் ஒளியின் பதிவோடு, பொருளில் இல்லாத புள்ளிகளும் கலந்துவிடுகின்றன.

இரைச்சல் எப்படி உண்டாகின்றது?

முன்பு பிலிம் இருந்த இடத்தில் இன்றைய கமராவில் ஓர் ஒளியுணரி இருக்கின்றது. அதில் இலட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்கள் உண்டு. ஒவ்வொரு கட்டமும் தன்மீது விழும் ஒளித்துகள்களைச் சேர்த்துக் கணக்கெடுக்கின்றது.

முற்றத்தில் ஒரே அளவான நூறு பேணிகளை வரிசையாக வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இலேசான தூறல் விழுந்து நின்றுவிட்டது. ஒரு பேணியில் எட்டுத் துளிகள், பக்கத்துப் பேணியில் பதின்மூன்று, அடுத்ததில் ஐந்து என்று தாறுமாறாக இருக்கும். அடைமழை பெய்திருந்தாலோ எல்லாப் பேணிகளிலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நீர் நிற்கும்.

ஒளியும் அப்படித்தான். சராசரியாக 100 ஒளித்துகள்கள் விழும் கட்டங்களில் ஏற்றத்தாழ்வு 10 அளவில் இருக்கும். அதாவது 10 சதவீதம். 10,000 விழுமிடத்தில் ஏற்றத்தாழ்வு 100தான்; அது வெறும் 1 சதவீதம். ஒரே நிறமான சுவர் மங்கிய ஒளியில் புள்ளி புள்ளியாகத் தெரிவதன் காரணம் இதுவே. ஒளியை நான்கு மடங்கு கூட்டினால் இரைச்சலின் விகிதம் பாதியாகக் குறையும்.

கமராவின் மின்சுற்றும் தன் பங்குக்குச் சிறிது இரைச்சலைச் சேர்க்கின்றது. கருவி சூடேறினால் அது இன்னும் கூடும். ஒளி குறைந்த இடத்தில் கமரா 'ஐ.எஸ்.ஓ.' என்னும் எண்ணை 100இலிருந்து 800, 1600, 3200 என உயர்த்துகின்றது. இது கிடைத்த சிறிதளவு பதிவைப் பெருக்கிக் காட்டுவதாகும். வானொலியின் ஒலியைக் கூட்டினால் பேச்சோடு இரைச்சலும் கூடுவதைப் போல, இங்கே படத்தோடு புள்ளிகளும் பெரிதாகின்றன.

உணரியின் அளவும் முக்கியமானது. தொழில் ரீதியான பல கமராக்களில் அது 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. தொலைபேசியில் இருப்பதோ பொதுவாக விரல் நகத்தை விடச் சிறியது. சிறிய பேணியில் சேரும் மழை குறைவுதானே? தன்னைத் தானே பிடிக்கும் முன்பக்கக் கமராவின் உணரி பெரும்பாலும் இன்னும் சிறியதாகையால், இரவில் அதன் படங்கள் மேலும் மோசமாகின்றன.

குறையை இனங்காணுங்கள்

தெளிவில்லாத படமெல்லாம் இரைச்சலால் கெட்டதல்ல. நோயறிந்து மருந்து கொடுப்பது போல, குறையறிந்தே திருத்த வேண்டும். படத்தை இரு விரல்களால் பெரிதாக்கி, இருண்ட பகுதிகளை முதலில் பாருங்கள்.

* மணல் போன்ற நுண்புள்ளிகள் நிழல்களிலும் கறுப்புத் துணியிலும் நிறைந்திருந்தால் அது ஒளிர்வு இரைச்சல். சிவப்பு, பச்சை, ஊதாத் திட்டுக்களாக இருந்தால் நிற இரைச்சல். இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு.
* விளிம்புகள் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தால் கையோ ஆளோ அசைந்திருக்கின்றது.
* முகம் மங்கி, பின்னாலுள்ள திரைச்சீலை தெளிவாக இருந்தால் குவியம் தவறியிருக்கின்றது.
* விளக்கைச் சுற்றிப் புகைமூட்டம் போலிருந்தால் வில்லையில் விரல் எண்ணெய் படிந்திருக்கக்கூடும்.
* எழுத்துக்களின் ஓரத்தில் சிறு சதுரங்கள் தெரிந்தால், படம் அளவுக்கு மீறிச் சுருக்கிச் சேமிக்கப்பட்டிருக்கின்றது. பலமுறை கைமாறி வந்த படங்களில் இதனைக் காணலாம்.
* எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் ஒரே பளிச்சென்ற புள்ளி வந்தால், உணரியின் ஒரு கட்டம் பழுதடைந்துள்ளது.

பிடிக்கும்போதே குறைக்கும் வழிகள்

1. முதலில் வில்லையை மென்மையான பருத்தித் துணியால் துடையுங்கள்.

2. ஆளை வெளிச்சத்திற்குக் கொண்டு வாருங்கள். பகலில் ஜன்னலுக்குப் பக்கவாட்டாக முகம் திரும்பியிருக்கும்படி அமர்த்துங்கள். ஜன்னலை முதுகுக்குப் பின்னால் விடாதீர்கள். இரவில் அறையின் எல்லா விளக்குகளையும் போடுங்கள். மஞ்சள் மின்குமிழில் நீல ஒளி மிகக் குறைவு. வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கமரா அந்த நீலத்தைப் பெருக்குவதால் நிற இரைச்சல் கூடுகின்றது. வெள்ளை விளக்கு இருந்தால் அதனையே போடுங்கள்.

3. கிட்டப் போங்கள். திரையில் விரல்களை விரித்துப் பெரிதாக்குவது பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதேயாகும். புள்ளிகளும் கூடவே பெரிதாகும்.

4. தொலைபேசியின் பிளாஷ் இரண்டு, மூன்று மீற்றருக்குள்தான் உதவும். தூரம் இருமடங்கானால் விழும் ஒளி கால்வாசியாகிவிடும். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து பிளாஷ் போடுவதில் பயனில்லை.

5. அசையாத காட்சிக்கு 'நைட் மோட்' எனும் இரவு முறையைப் பயன்படுத்துங்கள். 2018ஆம் ஆண்டுக்குப் பின் வந்த பல தொலைபேசிகளில் இது உண்டு. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குவதே இதன் வேலை. 16 படங்களைச் சராசரியாக்கினால் இரைச்சல் நான்கில் ஒன்றாகக் குறையும். முழங்கைகளை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். அல்லது தொலைபேசியை எதிலாவது சாய்த்து வைத்து, மூன்று செக்கன் தாமதம் கொடுங்கள்.

6. ஓடியாடும் பிள்ளைகளுக்கு இரவு முறை ஒத்துவராது. அங்கே ஐ.எஸ்.ஓ. எண் உயர்ந்தாலும் பரவாயில்லை, விரைவாகப் பிடியுங்கள். புள்ளியைப் பின்னர் ஓரளவு குறைக்கலாம். இழுபட்டுப்போன முகத்தைத் திருத்துவது மிகக் கடினம்.

7. "இருட்டாகவே எடுத்துப் பிறகு வெளிச்சமாக்கலாம்" என்று எண்ண வேண்டாம். நிழலில் மறைந்திருந்த புள்ளிகள் அப்போதுதான் வெளியே வரும். திரையில் முகத்தைத் தொட்டு, அதற்கேற்ப ஒளியைச் சரிசெய்த பின் பிடியுங்கள்.

பிடித்த பின்னர்

முதலில் மூலப்படத்தைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் கைவையுங்கள். படத்திருத்தச் செயலிகள் பலவற்றில் இரைச்சல் குறைக்கும் வசதி உண்டு. நிற இரைச்சலை முதலில் நீக்குங்கள். அதனால் படத்தின் நுணுக்கங்கள் அவ்வளவாகக் கெடுவதில்லை. ஒளிர்வு இரைச்சலைக் கொஞ்சமாகவே குறையுங்கள். அளவு மீறினால் முகம் மெழுகுப் பொம்மையாகும். மணப்பெண்ணின் கையிலுள்ள மருதோன்றிக் கோலம் வெறும் கறையாகும். சேலையின் சரிகை நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

செயற்கை நுண்ணறிவால் படத்தைத் துலக்கும் செயலிகளும் இப்போது பரவலாக உள்ளன. இவற்றில் மிகுந்த கவனம் தேவை. பதிவில் இல்லாத நுணுக்கத்தைச் சில செயலிகள் தாமாகவே வரைந்து சேர்க்கின்றன. முகம் பளிச்சென்று வரும். ஆனால் கண்ணின் அமைப்பும் சுருக்கங்களும் சற்றே மாறியிருக்கும். பார்ப்பவருக்கு அழகாகத் தோன்றலாம். ஆனால் நாளைக்குப் பேரப்பிள்ளைகள் "இதுதான் எங்கள் மூத்தும்மா" என்று நம்பப்போவது, அவரல்லாத ஒரு முகத்தையல்லவா? புள்ளி விழுந்த உண்மையான முகமே மேல்.

இன்னொன்று, எல்லாப் புள்ளிகளுக்கும் கவலைப்படத் தேவையில்லை. 4000க்கு 3000 கட்டங்கள் கொண்ட படத்தை ஆறங்குலத்துக்கு நான்கங்குல அளவில் அச்சிடும்போது பல கட்டங்கள் சேர்ந்து ஒன்றாகின்றன. நான்கு கட்டங்கள் ஒன்றானாலே இரைச்சல் பாதியாகும். திரையில் பயமுறுத்திய புள்ளிகள் அல்பத்தில் கண்ணுக்கே படாமல் போகலாம். அச்சிடக் கொடுப்பதாயின் படத்தை வட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பாமல், ஆவணக் கோப்பாக அனுப்புங்கள். அப்போது அது சுருக்கப்படுவதில்லை.

பழைய அல்பப் படங்கள்

பிலிமில் பிடித்த படங்களிலும் நுண்மணிகள் தெரியும். அவை வேறு வகை. பிலிமில் பூசப்பட்ட வெள்ளி உப்புப் பளிங்குகளின் விளைவு அவை. 400 எண் கொண்ட பிலிமின் மணிகள் பொதுவாக 100 எண் பிலிமுடையதை விடப் பருமனானவை. அந்த மணிகளாலேயே படம் ஆக்கப்பட்டுள்ளது. அவற்றை முற்றாகத் துடைத்தால் படமும் சேர்ந்து அழியும். ஸ்கேன் செய்யும்போது சிறிய படங்களுக்கு 600 புள்ளி அளவைத் தெரிவு செய்யுங்கள். தொலைபேசியால் பிடிப்பதாயின் பகல் வேளையில், நேர் வெயில் படாத ஜன்னலோரத்தில், பிளாஷ் இல்லாமல் பிடியுங்கள். பழைய படத்தின் மணிகளோடு புதிய இரைச்சலும் சேராதிருக்கும்.

இவற்றையெல்லாம் வாசித்து வைத்தால் மட்டும் போதாது. இன்று இரவு ஒரு கறுப்புத் துணியை ஒரேயொரு விளக்கின் கீழ் வைத்துப் பிடியுங்கள். நாளைக் காலை அதே துணியை ஜன்னலோரத்தில் பிடியுங்கள். இரண்டையும் பெரிதாக்கி அருகருகே வைத்துப் பாருங்கள். அடுத்த கல்யாண வீட்டில் எந்த விளக்கைப் போட வேண்டும், யாரை எங்கே அமர்த்த வேண்டும் என்பது அப்போது உங்களுக்கே விளங்கிவிடும்.