வெனிஸில் மூன்று நாள் தங்க நினைப்பவர்களுக்கு

நாங்கள் 2025 மே மாதம் வெனிஸ் நகருக்குப் போய் மூன்று இரவு தங்கி வந்தோம் என்று தெரிந்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்துக்கு வரும் நண்பர்கள் என்னிடம் கேட்பது இரண்டு கேள்விகள்தான். எவ்வளவு செலவாயிற்று? என்னென்ன பார்த்தீர்கள்? எத்தனை படி ஏறினீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. வயதான பெற்றோரை அழைத்துப் போக நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். நானும் கேட்காமல் போய்த்தான் அவதிப்பட்டேன்.

போனது மூன்று பேர்: நான், என் மனைவி, எழுபத்தாறு வயதான என் அம்மா. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இருந்தும் வெனிஸ்தான் வேண்டும் என்றார். அதற்குக் காரணம் உண்டு. தூத்துக்குடியில் பிறந்து பம்பாய்க்கு வந்த என் அப்பா, சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். ஒருமுறை வெனிஸ் துறைமுகத்திலிருந்து விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குதிரை வாங்கி வந்தார். மாட்டுங்கா வீட்டு ஷோகேஸில் அது இன்னும் இருக்கிறது, அப்பாதான் இல்லை.

வெனிஸைப் படத்தில் பார்த்தவர்களுக்குத் தண்ணீரும் படகும் தெரியும். படங்களில் சரியாகத் தெரியாதவை படிகள். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளை நானூறுக்கும் மேற்பட்ட பாலங்களால் கோத்த ஊர் அது. அடியில் படகு போக வேண்டும் என்பதால் ஏறக்குறைய எல்லாப் பாலமும் வில்லாக வளைந்து, இருபுறமும் படிகளோடு இருக்கும். கார், ஆட்டோ, சைக்கிள் எதுவும் ஊருக்குள் கிடையாது. பஸ்ஸும் காரும் பியாத்ஸாலே ரோமா என்ற சதுக்கத்தோடு நின்றுவிடும். ரயில் சாந்தா லூச்சியா நிலையத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் கால் அல்லது படகு. தாதர் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் பெட்டியோடு ஏறி இறங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தாதர் பாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உயரம் மட்டும் கொஞ்சம் குறைவு.

எங்கள் லாட்ஜ் 'ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை' என்று விளம்பரத்தில் இருந்தது. பொய்யில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் பெரிய கால்வாயின் மேலுள்ள ஸ்கால்சி பாலமும் அதையடுத்து ஒரு சிறு பாலமும் இருந்தன. மிலானிலிருந்து இரண்டரை மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்த அம்மா, ஸ்கால்சி பாலத்தின் உச்சிவரை ஏறிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கீழே படகுகள் போகின்றன, சுற்றிலும் எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள், அம்மா கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். பெட்டிகளை ஒரு தடவை, அம்மாவை ஒரு தடவை என்று கொண்டு சேர்க்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அறையோ இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அன்றிரவு என் மனைவி கேட்டாள்: "டிக்கெட் விலையை நாலு இடத்துல விசாரிச்சீங்களே, இதை ஒரு இடத்துலயாவது விசாரிச்சீங்களா?" என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் காலை, கட்டிய பணம் போனால் போகிறதென்று, கா தோரோ என்ற படகுத்துறைக்குப் பக்கத்தில் வேறு அறை பார்த்து மாறினோம். துறையிலிருந்து ஒரே நேர்ச் சந்து, பாலமே இல்லை. அங்கே போன பிறகுதான் வெனிஸ் எங்களுக்கு வெனிஸாக ஆயிற்று.

ஆகவே அறை பிடிக்கும் முன் செய்ய வேண்டியது இதுதான். ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்காதீர்கள். எந்தப் படகுத்துறைக்குப் பக்கம், இடையில் எத்தனை பாலம், அறை எந்த மாடி, லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். வரைபடத்தைப் பெரிதாக்கி, வழியில் கால்வாய் குறுக்கிடும் இடங்களை விரல் வைத்து எண்ணுங்கள். பாலம் ஏறாமல் போகக்கூடிய பகுதிகளைக் காட்டும் வரைபடத்தை வெனிஸ் நகராட்சியே வெளியிடுகிறது. அதைப் பார்ப்பது இன்னும் நல்லது. விலாசத்தில் தெருப் பெயரும் இருக்கட்டும். ஊர் ஆறு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. வீட்டு எண்கள் தெருவாரியாக இல்லாமல் பகுதிவாரியாக ஓடுகின்றன; கன்னரேஜோ பகுதியில் 6000ஐத் தாண்டிவிடும். எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

படகு பஸ்ஸுக்கு வாப்பரெத்தோ என்று பெயர். முதல் எண் படகு, பியாத்ஸாலே ரோமாவில் புறப்பட்டு, பெரிய கால்வாய் நெடுகிலும் இந்தக் கரை அந்தக் கரை என்று மாறிமாறி நின்று போகிறது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எதிர்க்கரைக்குப் போகப் பாலம் ஏற வேண்டியதில்லை. படகில் ஏறி அடுத்த துறையில் இறங்கினால் போதும். ஸ்டேஷன் துறைக்கு அடுத்ததே எதிர்க்கரையில்தான் இருக்கிறது. முதல் நாள் எனக்கு இது தெரிந்திருந்தால் அம்மா ஸ்கால்சி பாலத்தில் ஏறியே இருக்கமாட்டார். ரியால்தோவும் அப்படித்தான். 1591இல் கட்டி முடித்த அந்தக் கல்பாலத்தைப் படகிலிருந்தே அழகாகப் பார்க்கலாம். காய்கறிச் சந்தைக்குப் போக மெர்காத்தோ துறை தனியாக இருக்கிறது.

சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் போகிறவர்கள் வல்லரெஸ்ஸோ துறையில் இறங்கி, எதிரே உள்ள சந்து வழியாகப் போனால் பாலம் வராது. அடுத்த துறையான சான் ஸக்கரியாவில் இறங்கினால் நடுவே படிப்பாலம் குறுக்கிடும். சதுக்கத்தில் உள்ள மணிக்கூண்டில் லிஃப்ட் இருக்கிறது. 1902இல் அது அப்படியே சரிந்து விழுந்து, 1912இல் பழைய வடிவத்திலேயே மறுபடி எழுப்பப்பட்டது. அம்மா அதன் உச்சியில் நின்று ஊர் முழுவதையும் பார்த்தார். கோவிலுக்குள் போகத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவைக்கு அந்தக் கவலை இல்லை. வாசலுக்கு மேல் நிற்கும் நான்கு வெண்கலக் குதிரைகள் நகல். 1204இல் கான்ஸ்டான்டிநோபிளைக் கொள்ளையிட்டு எடுத்து வந்த அசல் குதிரைகள் உள்ளே மியூசியத்தில் இருக்கின்றன.

செலவு விஷயம். நாங்கள் போனபோது படகுக்கு ஒரு டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். மூன்று நாள் பாஸ் எடுத்துவிட்டால் கணக்குப் பார்க்காமல் ஏறி இறங்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது டிக்கெட் அல்ல, மருந்து. கொண்டோலாப் படகுக்கு நகராட்சி வைத்த கட்டணம் பகலில் அரை மணிக்கு 90 யூரோ. ஆளுக்கல்ல, படகுக்கு, ஐந்து பேர் வரை ஏறலாம். நாங்கள் ஏறவில்லை. பகலில் வந்து போகிறவர்களுக்கு 2024 முதல் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். 2025இல் அப்படி 54 நாட்கள். ஊரில் தங்குகிறவர்களுக்கு அது கிடையாது. ஆனால் விலக்கு உண்டு என்று முன்னதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அறைக்குத் தினசரி வரியும் தனியாக உண்டு. உங்கள் தேதிகளை அந்த ஆண்டின் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்.

நம்மில் பலர் தீபாவளி விடுமுறையில் போகத் திட்டமிடுவார்கள். அங்கே அக்டோபர் முதல் குளிர்காலம் வரை கடல் பொங்கி ஊருக்குள் வரும் பருவம். 2019 நவம்பர் 12ஆம் தேதி 187 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் ஏறியது. 1966க்குப் பிறகு அவ்வளவு ஏறியதில்லை. 2020 அக்டோபரிலிருந்து, காயலின் மூன்று வாய்களிலும் கடலடியில் பதித்த 78 இரும்புக் கதவுகளைத் தேவைப்படும்போது எழுப்பி வெள்ளத்தைத் தடுக்கிறார்கள். என்றாலும் எல்லா ஏற்றத்துக்கும் கதவை மூடுவதில்லை. சதுக்கம் தாழ்வான இடம். முதியவர்களோடு போகிறவர்களுக்கு ஏப்ரல் கடைசி, மே நல்லது. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம்.

சைவர்களுக்குத் தக்காளி சாஸ் போட்ட ஸ்பகெத்தி எங்கும் கிடைக்கும். ரிஸொத்தோ என்ற அரிசி உணவைப் பார்த்ததும் பொங்கல் என்று பாய்ந்துவிடாதீர்கள். பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த நீரில்தான் சமைப்பார்கள். "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே" என்றால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று பொருள். காப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை.

விசா பற்றி இரண்டு வரி. ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை பதினைந்து நாள். அந்த எல்லையை நம்பாதீர்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். முதியவர்களுக்கு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முழுவதும் படித்துப் பாருங்கள்.

விமானத்தில் நேரே வருகிறவர்கள் இறங்குவது மார்க்கோ போலோ நிலையம். பெயரைச் சொன்னதும் அம்மா, "காயலுக்கு வந்தவர்தானே?" என்றார். ஆமாம், பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்து, காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் பற்றிச் சொல்லியிருக்கும் அதே வெனிஸ்காரர்தான்.

கடைசி நாள் முரானோ தீவுக்குப் போனோம். தீ விபத்துக்குப் பயந்து 1291இல் கண்ணாடி உலைகளை ஊரிலிருந்து இந்தத் தீவுக்கு மாற்றினார்கள். ஸ்டேஷன் முன்னாலிருந்தே படகு இருக்கிறது. ஓர் உலைக்கூடத்தில் எங்களை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒருவர் குழாய் நுனியில் தேன் போல ஒழுகும் கண்ணாடியை எடுத்து, இடுக்கியால் இழுத்துக் காலாக்கினார், முறுக்கிப் பிடரியாக்கினார். முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரை வந்துவிட்டது. அம்மா வெகுநேரம் பேசவில்லை. படகில் ஏறிய பிறகு சொன்னார்: "ரெண்டு நிமிஷத்துல செஞ்சு குடுத்தாங்கன்னு உங்கப்பா சொன்னப்போ, நான் நம்பவே இல்லைடா. கதை விடுறாருன்னு சிரிச்சேன்."

எந்தத் துறையில் இறங்கினால் எங்கே பாலம் இல்லாமல் போகலாம் என்று மூன்று நாளும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். அதன் நகலைச் சங்க நூலகத்தில் கொடுத்திருக்கிறேன்; வேண்டுவோர் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.