“உடம்பைக் குறையுங்கள்” என்றால் மட்டும் போதுமா?



கிளினிக்குக்குப் போய் வரும் எமது பெண்களில் பலர் ஒரே அறிவுரையோடுதான் வீடு திரும்புகிறார்கள். “உடம்பைக் குறையுங்கள்” என்பதே அது. முழங்கால் வலி என்று போனாலும், மாதவிடாய் ஒழுங்கில்லை என்று போனாலும், மூச்சு வாங்குகிறது என்று போனாலும் அதே சொல்தான். எவ்வளவு குறைப்பது, எப்படிக் குறைப்பது, நாளைக்கு அடுப்பில் எதை வைப்பது என்பவற்றை விளக்கிச் சொல்பவர் குறைவு. வெளியே நீண்ட வரிசை காத்திருக்கும்போது அதற்கு நேரமும் கிடைப்பதில்லை.

அதன் பிறகு நடப்பதை நீங்கள் உங்கள் வீட்டிலோ அயலிலோ கண்டிருப்பீர்கள். இரண்டு கிழமை இராச்சாப்பாட்டை விட்டுப் பார்ப்பார்கள். தலை சுற்றும், கோபம் வரும். மூன்றாம் கிழமை பழைய வழக்கம் திரும்பி விடும். அடுத்த கிளினிக் நாள் வந்ததும், நாலு பேர் முன்னிலையில் நிறை பார்க்கும் மெஷினில் ஏற வேண்டுமே என்ற வெட்கத்தில் போகாமல் இருந்து விடுவார்கள். பிரஷர் மருந்து முடிந்து போகும். சீனி பார்க்கப்படாது. உடல் பருமனைப் பற்றி யோசனையின்றிச் சொல்லப்பட்ட ஒரு சொல், ஒரு தாயைச் சிகிச்சையிலிருந்தே தூரமாக்கி விடுகின்றது. இது சிறிய விடயமன்று.

குறை எங்கே இருக்கின்றது?

இதற்கு வைத்தியரின் மனதைக் குறை கூறுவது நியாயமாகாது. பெரும்பாலும் குறை அவர் பெற்ற பயிற்சியில் இருக்கின்றது. வைத்தியக் கல்வியில் போசாக்குக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. அமெரிக்காவில் வைத்திய மாணவர் ஒருவருக்கு நான்கு வருடங்களில் குறைந்தது 25 மணித்தியாலம் போசாக்குக் கல்வி வேண்டும் என 1985 இல் பரிந்துரைக்கப்பட்டது. 2010 இல் வெளியான கணக்கெடுப்பில் சராசரி 20 மணித்தியாலத்தைக் கூட எட்டவில்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2019 இல் வெளியான ஒரு மீளாய்வும், எந்த நாட்டிலும் இக்கல்வி போதியளவு இல்லை என்ற முடிவுக்கே வந்தது.

படித்ததும் மாறிக்கொண்டே போகின்றது. 1990 இல் பட்டம் பெற்று வெளியேறிய ஒரு வைத்தியரை நினைத்துப் பாருங்கள். ஆசிய மக்களுக்கு நிறையின் ஆபத்து எல்லையைத் தாழ்த்திப் பார்க்க வேண்டும் என உலக சுகாதார தாபனத்தின் நிபுணர் குழு 2004 இல்தான் வெளியிட்டது. நீரிழிவுள்ளோர் நோன்பு நோற்பது பற்றிய சர்வதேச வழிகாட்டி 2016 இல்தான் வந்தது. நிறை குறைப்பதற்கென வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைட் ஊசிக்கு அமெரிக்காவில் 2021 இல்தான் அனுமதி கிடைத்தது. இவற்றில் ஒன்றும் அவருடைய மாணவப் பருவப் புத்தகத்தில் இல்லை. தொடர்ந்து படித்தால் மட்டுமே அவருக்கு இவை தெரிய வரும்.

இதனால்தான் சுகாதாரத் துறையினருக்குத் தொடர் கல்வி என்ற ஏற்பாடு உலகெங்கும் வலியுறுத்தப்படுகின்றது. பிரித்தானியாவில் 2012 டிசம்பர் முதல் ஒவ்வொரு வைத்தியரும் ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை, தமது அறிவைப் புதுப்பித்து வருவதற்கான ஆதாரங்களைக் காட்ட வேண்டும். எமது நாட்டிலும் 1887 இல் தோன்றிய இலங்கை மருத்துவச் சங்கம் போன்ற அமைப்புகள் அமர்வுகளையும் கருத்தரங்குகளையும் நடத்தி வருகின்றன. வைத்தியர் மட்டும் கற்றால் போதாது. தாதியும், மருந்து கொடுப்பவரும், உங்கள் வாசலுக்கு வரும் குடும்பநல மாதுவும் கற்க வேண்டும். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள் முதல் எமது நாட்டின் சுகாதார சேவை வீட்டுப் படி வரை வந்திருக்கிறது. உங்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்பதை வைத்தியரை விட அந்த மாதுவே நன்கறிவார்.

பயிற்சி பெற்றவர் என்ன செய்வார்?

முதலாவது, அனுமதி கேட்பார். கனடாவில் 2020 இல் வெளியான வழிகாட்டி, நிறையைப் பற்றிப் பேசுமுன் “இதைப் பற்றி நாம் பேசலாமா?” என்று நோயாளியிடம் கேட்கும்படி சொல்கின்றது. அதே வருடம் பல நாடுகளின் நிபுணர்கள் ஒன்றுகூடி, பருத்தவர்களைச் சோம்பேறிகள் என்றும் வாயைக் கட்டாதவர்கள் என்றும் இழித்துரைப்பது உடலுக்கும் உள்ளத்துக்கும் தீங்கு என்று அறிக்கை விட்டார்கள். பிறரைப் பட்டம் சூட்டி இழிவுபடுத்தக் கூடாதென்பது எமது மார்க்கம் கற்றுத் தந்த ஒழுக்கமல்லவா?

இரண்டாவது, காரணத்தைத் தேடுவார். எல்லாப் பருமனும் சோற்றுக் கோப்பையிலிருந்து வருவதில்லை. தைரொயிட் சுரப்பி மந்தமாக இருக்கலாம். மாதவிடாய் தள்ளிப் போவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால் சூலகத்தில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கலாம். பிரெட்னிசொலோன், இன்சுலின், வலிப்புக்கும் மனநோய்க்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள் ஆகியவையும் நிறையைக் கூட்டும். அதற்காக அவற்றை நீங்களாகவே நிறுத்தி விடக் கூடாது. வைத்தியரிடம் கேட்பதே சரி.

மூன்றாவது, சரியாக அளப்பார். நிறையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டெண். 1.55 மீற்றர் உயரமும் 58 கிலோ நிறையும் உள்ள பெண்ணுக்கு அது 24 அளவில் வரும். 25 வரை பயமில்லை என்பது பொதுவான கணக்கு. ஆசியர்களான எமக்கோ 23 இலிருந்தே நீரிழிவு, இருதய நோய்களின் ஆபத்து கூடத் தொடங்குகின்றது. இடுப்புச் சுற்றளவும் முக்கியம். தெற்காசியப் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரும் ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லைகள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் தையல் நாடாவை வைத்து, மூச்சை இயல்பாக வெளிவிட்ட பின் பார்க்க வேண்டும். மறைவான இடத்தில் ஒரு பெண் உத்தியோகத்தர் அளப்பதே முறை. அவ்வாறு கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

நான்காவது, உங்கள் சமையலறையைப் பற்றிக் கேட்பார். “சோற்றைக் குறையுங்கள்” என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார். ஒரு நாளைக்கு எத்தனை தேநீர், ஒவ்வொன்றிலும் எத்தனை கரண்டி சீனி என்று கேட்பார். ஐந்து தேநீரும் இரண்டிரண்டு கரண்டியும் என்றால் பத்துத் தேக்கரண்டி, அதாவது சுமார் 40 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என உலக சுகாதார தாபனம் 2015 இல் சொன்னது. சோற்றில் கை வைக்காமலேயே தேநீரில் ஒரு திருத்தம் செய்யலாம் அல்லவா? கலியாண வீட்டு சஹனில் எல்லோரோடும் இருந்து சாப்பிடும்போது அளவைப் பார்ப்பது எப்படி, பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீணாகாமல் உண்டு முடிப்பது யார் என்பவற்றையும் அவர் கேட்டறிவார். “காலையில் ஓடுங்கள்” என்று சொல்லுமுன், உங்கள் தெருவில் பெண்கள் நடக்க வசதியுண்டா, இல்லாவிட்டால் முற்றத்தில் நடக்க முடியுமா என்று விசாரிப்பார்.

ஐந்தாவது, எட்டக் கூடிய இலக்கைத் தருவார். நீரிழிவின் விளிம்பில் நின்ற 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2002 இல் வெளியான ஆய்வில், நிறையில் 7 வீதத்தைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் உடலை அசைப்பதும் இலக்காகத் தரப்பட்டன. நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. 80 கிலோ உள்ள பெண்ணுக்கு 7 வீதம் என்பது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். எமக்கு அண்மையில், சென்னையில் டொக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006 இல் வெளியான ஆய்வு இன்னும் ஆறுதல் தருகின்றது. அங்கு உணவைத் திருத்தி, தினமும் அரை மணித்தியாலம் நடந்தவர்களுக்கு நிறை பெரிதாகக் குறையவில்லை. ஆயினும் நீரிழிவு வருவது 28.5 வீதம் குறைந்தது. மெஷினின் முள் அசையவில்லையே என்று மனம் விட்டுவிடாதீர்கள். நீங்கள் எடுத்த முயற்சி உள்ளே பலன் தந்து கொண்டிருக்கலாம்.

நோன்பும் மருந்தும்

எமது சமூகத்துக்குச் சிகிச்சை அளிப்பவர்கள் கட்டாயம் கற்க வேண்டிய பாடம் ரமழான் ஆகும். 2001 இல் முஸ்லிம்கள் வாழும் 13 நாடுகளில் நீரிழிவுள்ள 12,243 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுள், வளர்ந்தோருக்கு வழமையாக வரும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் 79 வீதமானோர் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றிருந்தனர். ஆனால் ஏனைய மாதங்களோடு ஒப்பிடுகையில், சீனி கடுமையாக இறங்கி ஆபத்துக்கு உள்ளாவது இவர்களிடம் ரமழானில் ஏழரை மடங்காக இருந்தது. கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகளையும் இன்சுலினையும் வழமையான அளவில் எடுத்துக்கொண்டு பகலில் உண்ணாதிருப்பது ஆபத்தானது.

“நீங்கள் நோன்பு பிடிக்க வேண்டாம்” என்று ஒரே சொல்லில் முடித்து விடும் வைத்தியரிடம் எமது தாய்மார் மறுமுறை வாய் திறப்பதில்லை. சொல்லாமல் நோன்பு பிடிக்கிறார்கள். பயிற்சி பெற்றவரோ ரமழானுக்கு ஆறு முதல் எட்டுக் கிழமைகளுக்கு முன்பே பேசத் தொடங்குவார். யாருக்கு நோன்பு பாதுகாப்பானது, யாருக்கு இல்லை என்று பிரித்துச் சொல்வார். மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றித் தருவார். சீனி 70 இலும் கீழே இறங்கினாலோ 300 இலும் மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதையும் விளக்குவார். விரலில் குத்திச் சீனி பார்ப்பது நோன்பை முறிக்காது என்பது உலமாக்களின் பொதுவான கருத்து. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையும் அல்லாஹ்வின் அருளே.

நீங்கள் செய்ய வேண்டியவை

எல்லா இடத்திலும் இத்தகைய பயிற்சி பெற்றவர் கிடைப்பார் என்று காத்திருக்க முடியாது. கேட்டுப் பெற எமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கிளினிக்குக்குப் போகுமுன் மூன்று நாட்கள் நீங்கள் உண்டதையும் குடித்ததையும் ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டு போங்கள். சம்சா, ரோல்ஸ், தேநீர் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். பாவிக்கும் மருந்துகள் அனைத்தையும் பையில் போட்டுக் கொண்டு போங்கள். “உடம்பைக் குறையுங்கள்” என்று சொல்லப்பட்டால், “எத்தனை கிலோ? எத்தனை மாதத்தில்? முதலில் எதை மாற்றட்டும்?” என்று மரியாதையோடு கேளுங்கள். ரஜப் பிறந்ததும் நோன்பைப் பற்றிப் பேசுங்கள். கர்ப்பமாக இருக்கும்போது நிறை குறைக்க முற்பட வேண்டாம். கர்ப்பகாலத்தில் சீனி வந்திருந்தால், பிள்ளை பிறந்த பின்னும் சீனியைப் பரிசோதிக்க மறவாதீர்கள்.

1996 இல் தொடங்கப்பட்ட, வெல் வுமன் கிளினிக் என்று சொல்லப்படும் பெண்கள் நலக் கிளினிக்கும், 2011 முதல் நாடெங்கும் ஏற்படுத்தப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களும் நோய் வருமுன் பரிசோதிப்பதற்கென்றே உள்ளவை. உங்கள் ஊரில் அவை எந்த நாளில் நடக்கின்றன என்பதைக் குடும்பநல மாதுவிடம் கேட்டு, மாமியையும் தாத்தாவையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் வீட்டில் வைத்தியம் படிக்கும் மகளோ, தாதிப் பயிற்சி பெறும் மகனோ இருந்தால் இன்றே ஒன்றைச் சொல்லி வையுங்கள். பரீட்சை முடிந்தாலும் படிப்பை நிறுத்தி விடக் கூடாது. நோயாளியின் உடல் மட்டுமல்ல, அவரது மானமும் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதை அவர்கள் உணர வேண்டும். வயிற்றின் மூன்றிலொரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த அளவை நாமும் எமது உணவில் பேணி வருவோம். வல்ல அல்லாஹ் எமது தாய்மாருக்கு நல்லாரோக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.